நிழல் வைக்காத மத்தியானம்

சூரியன் ஆண்டுதோறும் எட்டு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு போய்விடுகிற தீவு ஒன்று நோர்வேயின் வடமுனையில் உண்டு. கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் அது கடல் விளிம்பில் சிறிது நேரம் கலங்கிச் சிவந்து நின்றுவிட்டு அமிழ்ந்துபோனால், தை பிறந்து ஒரு கிழமை கழிந்த பின்னரே மறுபடி தலை காட்டும். இடைப்பட்ட இருட்டுக்காலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நடப்பார்கள், நாய்களின் கழுத்துப்பட்டிகள் மின்னும், மீன் ஆலையின் சங்கு ஊதினால்தான் காலை என்பதும் மறுபடி ஊதினால்தான் மாலை என்பதும் மனிதருக்குத் தெரியவரும். அந்தத் தீவின் துறைமுகத்தில், முன்னொரு காலத்தில் உப்புமீன் அடுக்கிவைத்த சிவப்பு மரக்கிடங்கில், ‘அருளம்பலம் குடும்ப ஓவியக்கூடம்’ என்று நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் எழுதிய பலகைக்குப் பின்னால், பதினெட்டு அடி அகலமும் பன்னிரண்டு அடி உயரமும் கொண்ட ஓர் ஓவியத்துக்குள், யாழ்ப்பாணத்து ஆவணி மாத மத்தியானம் ஒன்று பதினொரு குளிர்காலமாக ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே நின்றவரின் முகம் சுட்டது. அவரது நிழல் பின்னாலிருந்த சுவரில் விழுந்தது. கால்மணி நேரம் நின்றால் உள்ளாடைகள் வியர்வையில் நனைந்தன.

அதை வரைந்தவர் அருளம்பலம். யாழ்ப்பாணப் பட்டினத்துத் திரையரங்குகளுக்கு விளம்பரப் பதாகை வரைந்தவர். கதாநாயகனின் மூக்கைத் தீட்டுவதற்கே ஏணியில் மூன்று படி ஏறவேண்டியிருந்த தொழிலில் இளமையைக் கழித்தவராதலால், சிறிதாக எதையும் வரைய அவருக்குக் கை வரவில்லை. எண்பத்தாறாம் ஆண்டில் எல்லை கடத்திவிடும் முகவர் ஒருவரின் பின்னால் ஐந்து நாடுகளைக் கடந்து இத்தீவின் மீன் ஆலைக்கு வந்து சேர்ந்து, மீனின் முள்ளை நீக்கும் இயந்திரத்தருகே பன்னிரண்டு ஆண்டு நின்ற காலத்திலும், ஓய்வுநாள்களில் கிழிந்த கப்பற்பாய்களைக் கேட்டு வாங்கிவந்து குடியிருப்பின் படிக்கட்டில் விரித்து வரைந்தபோதும், அவர் வரைந்த முகம் எதுவும் ஐந்தடிக்குக் குறைந்ததில்லை. சக தொழிலாளரின் முகங்களை வரைந்தார், செதில் ஒட்டிய கைகளை வரைந்தார், சுவர்கள் கொள்ளவில்லை. மனைவி நாகபூஷணி சமைக்கும் இடத்தில், கிழவர் ஒருவரின் காது மட்டும் கூரையிலிருந்து தரைவரை தொங்கிற்று.

“இந்தக் காதுக்குப் பக்கத்திலை நிண்டு கறி வைக்க ஏலாது. தாளிக்கிற சத்தத்தை எல்லாம் உந்த மனிசன் கேட்டுக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு. எங்கையெண்டாலும் கொண்டுபோய்க் கொழுவுங்கோ” என்று நாகபூஷணி சொன்னதன் பேரில்தான், அருளம்பலம் அத்தீவின் நகரசபையிடம் (கொமூன் என்று எல்லாரும் அதை அழைத்தார்கள்) கைவிடப்பட்ட கிடங்கைக் கேட்டுப் பெற்று ஓவியக்கூடம் ஆக்கினார். நாகபூஷணி வாசலோரம் மேசை போட்டுத் தேநீரும் தபால் அட்டையும் விற்றார். அப்போது ஏழு வயதாயிருந்த மகன் நிரோஜன் பின்னாளில் அருங்காட்சியகப் படிப்பு முடித்துவந்து நிருவாகத்தை ஏற்றான். தீவார் தங்கள் முகங்களை ஏணி உயரத்தில் கண்டு முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்; பின்னர் விருந்தினரை அழைத்துவந்து காட்டினார்கள்.

பதாகை வரைபவருக்கு வரிசை ஒன்று உண்டு: முதலில் நிழல், அடுத்து நிறம், கடைசியில் வெளிச்சம். நிழல் வைக்காத படத்தில் வெளிச்சத்துக்கு இருப்பிடம் இல்லை, அது கண்டபடி வெளியேறி அலையும் என்பது அத்தொழிலாளர் எல்லாரும் அறிந்தது. அருளம்பலம் தம் வாழ்நாளில் அவ்வரிசையை ஒரே ஒருமுறைதான் மாற்றினார்.

அவர்களுக்கு நிரோஜனுக்கு முன் ஒரு மகள் இருந்தாள், பெயர் வதனி. எண்பத்தொன்பதாம் ஆண்டில் நாகபூஷணி கணவரிடம் புறப்பட்டபோது, தாயையும் பிள்ளையையும் ஒரே பயணத்தில் கொண்டுசெல்ல இயலாது, பிள்ளையை அடுத்த மாதம் வேறொரு குடும்பத்தோடு அனுப்பலாம் என்று முகவர் சொன்னதை நம்பி, ஒன்பது வயது வதனியை அருளம்பலத்தின் தங்கை வீட்டில் விட்டுவந்தார். அடுத்த மாதத்தில் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பின்னர் போர் மூண்டு பாதை மூடிற்று. மறு ஆண்டு ஆவணியில் குண்டு போடும் விமானம் வந்தது. தங்கையின் கடிதம் நான்கு மாதம் பயணம் செய்து, இருட்டுக்காலத்தின் நடுவில் இத்தீவை அடைந்தது. அதில் மூன்று வரிகளே இருந்தன. “வெயில் நல்லா எறிச்சது. முத்தத்திலை காயப்போட்ட மிளகாயை அள்ளச் சொல்லி நான்தான் பிள்ளையை அனுப்பினனான். மத்தியானம் பன்ரண்டரை இருக்கும்.” அதற்குமேல் தங்கை எழுதவில்லை, அருளம்பலமும் கேட்கவில்லை.

பதினைந்து ஆண்டு அவர் அதை வரையவில்லை. ஓவியக்கூடம் திறந்த ஏழாம் குளிர்காலத்தில், வெளியே நண்பகல் தாரைப்போல் கறுத்து உறைந்து கிடந்த ஒருநாளில், மிகப் பெரிய கப்பற்பாயைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். கறுப்புச் சாயத்தைத் தொட அன்று அவர் கை மறுத்தது. நிழலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, வெளிச்சத்தை முதலில் வைத்தார்: சுண்ணாம்பு பூசிய வீட்டுச் சுவர், வெண்மணல் முற்றம், வேப்பமரம், கிணற்றுக்கட்டு, ஓலைப்பாய், பாய் நிறையச் சிவந்த மிளகாய், பாயருகே நீலச் சட்டையுடன், நெற்றிமேல் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கி நேரே பார்க்கிற வதனி. அவளுடைய தலைவகிட்டில் கடைசி வெள்ளையை வைத்தபோது தமது நெற்றி வியர்த்திருப்பதை உணர்ந்தார், மேலங்கியைக் கழற்றினார், கம்பளிச் சட்டையைக் கழற்றினார், தூரிகையின் நிழல் தரையில் விழுந்து கிடப்பதைக் கண்டார்.

இனி நிழல் வைக்கவேண்டும் என்று கறுப்புத் தகரத்தின் மூடியை நெம்பப் போனவர், அங்கேயே நின்றார். நிழலை வைத்தால் அது நீளும். நீண்டால் நேரம் நகரும். நேரம் நகர்ந்தால் பன்னிரண்டரைக்குப் பின்னால் இருப்பது வந்துவிடும். தகரத்தை மூடி, ஏணிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பதினொரு ஆண்டு அதைத் திறக்கவில்லை.

தீவார் வெயிலுக்கு மிக விரைவில் பழகிக்கொண்டார்கள். முதற்கிழமை செருப்புகளை வாசலில் விட்டு அடிமேல் அடிவைத்து வந்து பார்த்தவர்கள், இரண்டாம் கிழமை மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள்; மூன்றாம் கிழமை, ஓய்வுபெற்ற கப்பற்காரர்கள் குளியலாடையோடு வரிசையாகச் சாய்ந்து கிடந்து முதுகைக் காட்டினார்கள். மஞ்சட்காமாலை கண்ட குழந்தைகளைத் தாய்மார் கொண்டுவந்து காட்டினார்கள். தக்காளி நாற்றுகள் வந்தன. நனைந்த வலைகள் வந்தன. தீவில் வாழ்ந்த பதினாறு தமிழ்க் குடும்பங்களின் மோர்மிளகாயும் பாவற்காய் வற்றலும் தட்டங்களில் வந்தன. அவற்றைத் தொடர்ந்து பாய் விரித்துச் செத்தல் மிளகாயும் வந்தது. மிளகாய் வந்த அன்று நாகபூஷணி வாசல் மேசையைத் திருப்பிப்போட்டு, ஓவியத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒருமுறையேனும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

கொமூனிலிருந்து மின்சாரப் பரிசோதகர் ஒருவர் கறுத்தக் கண்ணாடி அணிந்து வந்தார். ஓவியத்தின் பின்னால் தவழ்ந்து கம்பிகளைத் தேடினார், பலகைகளைத் தட்டினார், பிறகு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“இது விளக்கா?”

“இல்லை” என்றார் அருளம்பலம்.

“வெப்பமூட்டியா?”

“இல்லை.”

“பின்னே என்ன?”

“மத்தியானம்.”

படிவத்தில் விளக்கு, வெப்பமூட்டி, சாளரம் என்று மூன்று கட்டங்களே இருந்தன. பரிசோதகர் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, சாளரம் என்பதன் எதிரே அடையாளமிட்டார். எத்திசை நோக்கியது என்று கேட்டிருந்த இடத்தில், தமது பேனையின் நிழலை அளந்துவிட்டு, தெற்கு என்று எழுதினார். அன்றிலிருந்து அந்த ஓவியம் கொமூனின் பதிவேட்டில் சாளரமாயிற்று. கொமூனின் இசைவின்றி அதை அடைக்கவோ மறைக்கவோ எவருக்கும் உரிமை இல்லாமற் போயிற்று.

தை மாதத்தில் சூரியன் திரும்புகிற நாளை அத்தீவார் விழாவாகக் கொண்டாடுவது வழக்கம். பள்ளிக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கு மஞ்சள் களி நிரப்பிய சூரியப் பணிஸ் என்னும் இனிப்பு ரொட்டி. ஓவியத்து மத்தியானம் வந்த பிறகு பிள்ளைகள் குன்றின்மேல் கொட்டாவி விட்டார்கள். வானத்தில் தோன்றிய வெளிறிய வட்டத்தைச் சுட்டி, “அருளம்பலத்தினுடையது இதைவிடச் சுடுமே” என்றார்கள். நான்காம் ஆண்டில் வெதுப்பகக்காரர் பணிஸ் போடுவதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் எவரும் உரக்கச் சொல்லாத மற்றொன்றும் நிகழ்ந்திருந்தது. முன்பெல்லாம் இருட்டுக்காலந்தோறும் தீவிலிருந்து ஒருவரோ இருவரோ கடலுக்குள் நடந்துபோவார்கள். முன்னாள் தபாலதிபர் இங்கெபோர்க் அம்மையாரின் கணவர் ஒரு மார்கழி முற்பகலில் காப்பியை அரைவாசி குடித்துவிட்டு எழுந்துபோனவர். மத்தியானம் வந்த பின்பு, பதினொரு குளிர்காலத்தில், ஒருவரும் அப்படிப் போகவில்லை. வைத்தியர் மாத்திரைக்குப் பதிலாக, கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு அரைமணி என்று சீட்டெழுதி ஓவியக்கூடத்துக்கு அனுப்பினார். அச்சீட்டைப் பெருமையாக உயர்த்திக் காட்டியபடி வருகிறவர் சின்னராசா. மீன் ஆலையில் அருளம்பலத்தின் பக்கத்து இயந்திரக்காரர், தனிமனிதர், முன்பெல்லாம் இருட்டுக்காலம் எட்டு வாரமும் வாய் திறவாதவர், இப்போது வாய் மூடாதவர் ஆகியிருந்தார்.

“அண்ணை, இஞ்சை வந்து முப்பது வரியத்திலை எப்பிடியும் வெள்ளையாகிப் போடலாமெண்டு நினைச்சன், உங்கட வெயில் விடுகுதில்லை” என்பார். “குடை ரெண்டு வாங்கி வாடகைக்கு விடுங்கோவன், வீட்டுக்காரி உந்தத் தேத்தண்ணியாலை எவ்வளவு காலம் சமாளிக்கிறது?” என்பார். நாகபூஷணி திரும்பாமலே, “உமக்குத் தேத்தண்ணி இல்லை, போம்” என்பார். ஆனாலும் கோப்பை வந்துசேரும்.

அருளம்பலம் மட்டும் அங்கே சிரிக்கவில்லை. அவர் நாள்தோறும் கூடத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பது வதனியை. முதல் ஆண்டிலேயே அவளுடைய நீலச் சட்டை தோள்பட்டையில் வெளுத்தது. இரண்டாம் ஆண்டில் கன்னம் கருகிற்று. பிறகு உதடு உலர்ந்து, வெடித்து, வெடிப்பின் ஓரத்தில் இரத்தம் கருமையாகக் கட்டிற்று. நெற்றியில் வைத்த கை, பார்ப்பவருக்குத் தெரியாத அளவு, ஆண்டுக்கு ஒரு நூலளவு தாழ்ந்தது. நிழல் வேண்டிய பிள்ளைக்கு நிழலைத் தர அஞ்சிய தகப்பன், ஒவ்வோர் இலையுதிர்காலமும் கூடத்தைப் பூட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, சட்டைக்குப் புதிய நீலமும் உதட்டுக்கு இளஞ்சிவப்பும் தீட்டினார். சாயம் ஒரு கிழமை நிற்கும். பிறகு உரிந்து தூளாக விழும். தூளை அவரே கூட்டி அள்ளினார். மக்கள் வெயிலைப் பார்த்தார்களேயன்றி வெயிலில் நின்றவளைப் பார்க்கவில்லை; வெயில் அவ்வளவு பெரிதாயிருந்தது.

பதினோராம் இருட்டுக்காலத்தின் மூன்றாம் கிழமை, எண்பத்தொரு வயதான இங்கெபோர்க் அம்மையார் தம் மடக்கு நாற்காலியை விட்டெழுந்து, கைத்தடியை ஊன்றி வாசல் மேசைக்கு வந்து, ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டார். நாகபூஷணி கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு இல்லையா?” என்றார் நாகபூஷணி.

“எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு. அவளுடைய உதட்டைப் பார்த்தீர்களா? எனக்குக் கண்புரை அறுத்து இரண்டு கிழமைதான் ஆகிறது. இவ்வளவு காலம் நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

நாகபூஷணி கதிரையைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். பிறகு எழுந்தார். நாற்காலிகளுக்கும் வலைகளுக்கும் மிளகாய்ப் பாய்களுக்கும் இடையே நடந்துபோய் ஓவியத்தின் அடியில் நின்றார், மேலே பார்த்தார், நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். தாயும் மகளும் ஒரே விதமாகக் கண்ணைச் சுருக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை, ஏணியின் அருகிலிருந்து அருளம்பலம் கண்டார். தமது களவு வெளிப்பட்டுவிட்டது என்று அறிந்தார்.

“எத்தினை வரியமாத் தெரியும் உங்களுக்கு?”

“துவக்கத்திலையிருந்து.”

“பதினொரு வரியம். பிள்ளையை வெயிலுக்கை விட்டிட்டு ஊருக்கு வத்தல் காயவிட்டனீங்கள்.”

“நிழல் வைச்சால் நேரம் ஓடும், பூஷணி. ஓடினால் என்ன வருமெண்டு உமக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.” நாகபூஷணியின் குரல் உயரவில்லை. “அதுக்கு முதல் அவள் ஒரு மிடறு தண்ணியெண்டாலும் குடிக்கட்டும். நான் விட்டிட்டு வரேக்கையும் வெயிலுக்கைதான் நிண்டவள். வாகனம் தெரு முடக்குத் திரும்புமட்டும் உள்ளுக்குப் போகமாட்டனெண்டு படலை வாசலிலை நிண்டவள். பாத்தால் இறங்கிப் போடுவனெண்டு நான் திரும்பிப் பாக்கேல்லை. அவளை நிப்பாட்டினது நான். பிறகு நீங்கள் நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். போதும், காணும்.”

நிரோஜன் அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தான். அக்காளை அவன் ஓவியத்தில் மட்டுமே அறிந்தவன். “அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. அது கொமூனின்ர யன்னல். அடைக்கிறதெண்டால் விண்ணப்பம் குடுக்கோணும், ஆறு கிழமை எடுக்கும். வைத்தியர் அனுப்பிற சனம் முப்பத்தேழு பேர். அவையளுக்கு என்ன சொல்லுறது?”

“உன்ர அக்காவுக்கு என்ன சொல்லுறதெண்டு முதல் யோசி, தம்பி.”

குளியலாடைக் கிழவர்கள் தோளில் துவாயைப் போர்த்துக்கொண்டார்கள். இங்கெபோர்க் அம்மையார் தண்ணீர்க் கோப்பையைத் தரையில், ஓவியத்தின் அடியில், மெல்ல வைத்துவிட்டு, “இவ்வளவு காலமும் நான் ஒரு குழந்தையின் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். அருளம்பலம் சின்னராசாவைப் பார்த்தார். சின்னராசா கையிலிருந்த வைத்தியச் சீட்டை நாலாய் எட்டாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“என்னைப் பாக்காதையுங்கோ அண்ணை. பிள்ளைதான் முதல்” என்றார். பிறகு சிரித்தார். “உண்மையா எனக்கும் தோல் எரியுது.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அருளம்பலம் ஏணியை நிறுத்தினார். இசைவுக்கு எவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். முதலில், பாய்க்கருகே, கிணற்றுக்கட்டின் ஓரமாக, ஒரு செம்பு தண்ணீரை வரைந்தார். செம்பின் வாயில் விளிம்புவரை தண்ணீர். பிறகு பதினொரு ஆண்டு மூடிக்கிடந்த தகரத்தை உளியால் நெம்பித் திறந்தார். சாயம் உறையாமல் எண்ணெயாய் மின்னிற்று. கறுப்பில் நீலம் சிறிது கலந்து, பதாகைக் கொட்டகையில் செய்ததுபோலவே, தூரிகையை இரண்டு முறை தகர விளிம்பில் தேய்த்து, வேப்பமரத்து நிழலை முற்றத்தின் மேல் இட்டார். கிளைக்குக் கிளை, இலைக்கு இலை. கடைசியில் வதனியின் இரு பாதங்களுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, அவளுடைய நிழலை வைத்தார்.

வதனி நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

கூடத்தில் எவரும் வியந்து குரலெழுப்பவில்லை. நெடுநேரம் பாரம் சுமந்தவர் இறக்கிவைப்பதைப் பார்க்கிறவர்கள்போல எல்லாரும் மூச்சை மட்டும் விட்டார்கள். அவள் விரல்களை மடக்கி நீட்டினாள். ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்தாள். வேப்பமரத்து நிழலுக்குள் இரண்டடி வைத்து, நாக்கால் உதட்டை நனைக்க முயன்றாள். செம்பைக் கண்டாள். நிழல் அசைந்தது. கிணற்றுக்கட்டை நோக்கி ஒரு விரற்கடை நீண்டது.

அப்போதுதான் அந்த ஒலி கேட்டது. மிகத் தொலைவில், தகரத்தை மணலில் இழுப்பதுபோன்ற ஒலி.

கூடத்திலிருந்த தமிழர் அனைவரும் ஒரே கணத்தில் தரையில் கிடந்தார்கள். எவரும் எவருக்கும் சொல்லவில்லை. முப்பது ஆண்டாக மீன் வெட்டியவர்களும், பேரப்பிள்ளை கண்டவர்களும், மிளகாய்ப் பாய்களின் மேலும் வலைகளின் மேலும் குப்புற விழுந்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு தரையில் படாதபடி உயர்த்தி, செவிப்பறை கிழியாதிருக்க வாயை அகலத் திறந்துகொண்டு கிடந்தார்கள். நோர்வேஜியர் மடக்கு நாற்காலிகளில் இருந்தபடியே, கரையோரக் காவலின் ஹெலிகொப்டராக இருக்கும் என்று கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பேர்தாம் தமிழரில் நின்றுகொண்டிருந்தார்கள்: ஏணியின் மேல் அருளம்பலம், ஏணியின் கீழ் நாகபூஷணி.

வதனி வானத்தைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள். அவள் சொன்னதைச் செய்கிற பிள்ளை; தகப்பனின் தங்கையான மாமி சொல்லி அனுப்பியதை மறக்காத பிள்ளை. நிழலை விட்டு வெயிலுக்குள் வந்து, பாயருகே முழந்தாளிட்டு, இரு கைகளாலும் மிளகாயை அள்ளிச் சட்டைமடியில் போடத் தொடங்கினாள்.

“அதை விட்டிட்டு ஓடி வா, பிள்ளை!” என்று நாகபூஷணி கத்தினார். “மிளகாயை விடு! வதனீ! உள்ளுக்குப் போ! மிளகாய் வேண்டாமடி எங்களுக்கு!”

ஓவியத்துக்குள் குரல் போகவில்லை. ஒலி பெருத்தது. பின்சுவரில் விழுந்திருந்த எல்லாருடைய நிழல்களும் நடுங்கின.

அருளம்பலத்துக்கு அந்தக் கணத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருந்தது. அவர் ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது: விமானம் வந்தால் விளக்கை அணை. இருளுக்குள் இருக்கிற வீட்டை அது காணாது. அவர் தூரிகையை எறிந்துவிட்டு, பதாகைக்குப் பின்னணி பூசுகிற அகலத் தூரிகையை எடுத்து, தகரத்தில் முழுவதாக அமிழ்த்தி, வானத்தில் தொடங்கினார். வானம் போயிற்று. கூரை போயிற்று. சுண்ணாம்புச் சுவர், வேப்பமரம், கிணற்றுக்கட்டு, விளிம்புவரை தண்ணீர் நின்ற செம்பு, ஒவ்வொன்றாகப் போயின. கூடத்தில் வெயில் துண்டு துண்டாக அணைந்தது. சாய்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இருளுக்குள் போயின. ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கியபடியே அவர் பாயையும் மிளகாயையும் மூடினார். கடைசியாக வதனியின் முகம் மட்டும், இரண்டு கை அகலத்தில், விளக்கைப்போல் எஞ்சிற்று. வெளிச்சம் ஏன் குறைகிறது என்று அறியாத பிள்ளை, மடிநிறைய மிளகாயோடு நிமிர்ந்து, தன்னை நோக்கி வருகிற அகலத் தூரிகையைப் பார்த்தாள். அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேலும் கறுப்பைத் தீட்டினார்.

விமானம் மேலே வட்டமிட்டது. மூன்று வட்டம் என்று பின்னர் சிலர் சொன்னார்கள். ஐந்து என்று சிலர் சொன்னார்கள். பிறகு ஒலி தேய்ந்து, தொலைந்துபோயிற்று. வெடிச்சத்தம் கேட்கவில்லை. கதவு சாத்தப்படும் சத்தமும் கேட்கவில்லை. ஓடுகிற காலடியும் கேட்கவில்லை. கிடந்தவர்கள் எழுந்து ஆடையில் ஒட்டிய மிளகாய் விதைகளைத் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், நெற்றி விளக்குகளைக் கொளுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவள் தப்பினாள் என்று பாதித் தீவு நம்பியது. நம்பாதவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கொமூன் விளக்கம் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டு, பதிவேட்டில் சாளரம் என்றிருந்ததைத் திருத்தி, ‘பார்வையற்ற சாளரம்’ என்று எழுதிற்று. வெதுப்பகக்காரர் மறுபடி சூரியப் பணிஸ் போடத் தொடங்கினார். தை மாதத்தில் பிள்ளைகள் குன்றின்மேல் நின்று வெளிறிய வட்டத்தைக் கண்டதும் கைதட்டினார்கள். வைத்தியர் மாத்திரைக்குத் திரும்பினார். அடுத்த இருட்டுக்காலத்தில், மார்கழி இருபதாம் தேதி காலைச் சங்குக்கு முன்னால், அலைகள் ஏறுகிற பாறையடியில் ஒரு சோடி சப்பாத்து இருந்தது. எவருடைய வீட்டு வாசலிலோ கழற்றி வைத்ததுபோல, குதிகள் ஒட்டி, மூக்குகள் கடலைப் பார்க்க, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஒரு சப்பாத்துக்குள், எட்டாய் மடித்த வைத்தியச் சீட்டு, நனைந்துபோகாதபடி செருகப்பட்டிருந்தது. சின்னராசாவின் கோப்பையை நாகபூஷணி கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார்.

ஓவியக்கூடம் இன்னும் திறந்திருக்கிறது. ஏணி உயரத்து முகங்களுக்கு நடுவே, பதினெட்டு அடி அகலத்துக் கறுப்பு ஒன்று தொங்குகிறது. விருந்தினர் அதை நவீன ஓவியம் என்று எண்ணி, அதன் முன்னால் தலையைச் சாய்த்து நிற்கிறார்கள். ஒரு கிழமையில் காயவேண்டிய சாயம் மூன்று ஆண்டாகக் காயவில்லை. தொடாதிருக்கும்படி நிரோஜன் கயிறு கட்டியிருக்கிறான்.

நாகபூஷணி நாள்தோறும் பன்னிரண்டரைக்குக் கயிற்றைத் தாண்டிப்போய், ஓவியத்தின் அடியில் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பார். மறுநாள் அதை எடுத்துப் பார்ப்பார். விளிம்புவரை அப்படியே இருக்கும். வெளியே கொண்டுபோய்ப் பனியில் ஊற்றிவிட்டு, மறுபடி நிரப்பி வைப்பார். அவர் மேசையை மறுபடி திருப்பிப்போட்டுவிட்டார்; இப்போது முகம் கறுப்பை நோக்கியே இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு இருட்டுக்காலத்தின் ஒரு நண்பகலில், அவர் செம்பை வைத்துவிட்டுத் திரும்பாமல், ஒரு குறிப்பிட்ட இடத்தில், தம் மார்பு உயரத்தில், உள்ளங்கையை ஈரச்சாயத்தில் பதித்து நெடுநேரம் நின்றார். அருளம்பலம் ஏணியின் அருகே இருந்த கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இப்போது தூரிகையைத் தொடுவதில்லை.

“இஞ்சருங்கோ” என்றார் நாகபூஷணி, திரும்பாமலே. “இஞ்சை வந்து கையை வையுங்கோ.”

அருளம்பலம் எழுந்துபோய், மனைவியின் கையருகே தம் கையை வைத்தார். கறுப்பு சுட்டது. மணலின் சூடு, சுண்ணாம்புச் சுவரின் சூடு, தலைக்கு நேரே நிற்கிற ஆவணி மாதத்துச் சூடு, ஓர் அணுவும் குறையாமல் அங்கே இருந்தது. கறுப்புக்குள் நேரம் நகரவில்லை, தாம் பூசியது நிழலல்ல, பார்க்கிற கண்களை மட்டுமே மூடியிருந்தார் என்று அவர் அறிந்தார். சுரண்டினால் விமானம் இருக்கிறது; சுரண்டாவிட்டால் வெயில் இருக்கிறது.

“இன்னும் வெயிலுக்கைதான் நிக்கிறாள்” என்றார் நாகபூஷணி. “இப்ப எங்களையும் காணேலாமல் நிக்கிறாள்.”

இருவரும் கையை எடுக்கவில்லை. மணிக்கணக்கு கழிந்து, ஆலையின் சங்கு மறுபடி ஊதிற்று. வெளியே மாலை என்று பொருள்.